நம்ம ஊரு வெக்கையில பிராசஸர ஓவர்கிளாக் பண்ணா சூட்ட எப்படி கட்டுக்குள்ள வைக்கிறது

மக்கா, ஓவர்கிளாக்னா பிராசஸர கம்பெனி வச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்டுறது, அதுல சூடு கூடும். மொதல்லயே ஒண்ண சொல்லிடுறேன், ஸ்கிரீன்ல சிபியூ (பிராசஸர்தான்) 80 டிகிரின்னு காட்டுதுன்னா அந்த நம்பர மட்டும் வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது, அந்த நேரத்துல ரூம் எத்தன டிகிரில இருந்துச்சுன்னும் தெரியணும். ஏர் கூலரோ வாட்டர் கூலரோ எதுவா இருந்தாலும் அது ரூம் காத்த வச்சுத்தான் சூட்ட எறக்குது, ரூம் காத்துக்கு கீழ கொண்டு போக அதால முடியாது. அதனால பிராசஸர் சூடுன்னா ரூம் சூடு, அதுக்கு மேல கூலரால எறக்க முடியாம நிக்கிற மிச்ச சூடு, இந்த ரெண்டும் சேந்ததுதான்.

இது ஏன் நமக்கு முக்கியம்னா, வெளிநாட்டு ரிவ்யூல கூலர டெஸ்ட் பண்றது பெரும்பாலும் 20ல இருந்து 25 டிகிரிக்குள்ள இருக்குற ஏசி ரூம்ல. நாகர்கோவில்ல ஏப்ரல் மாசம் உச்சைக்கு ரெண்டு மணிக்கு, மேல மொட்டமாடி காங்கிரீட் இருக்குற ரூம்ல 34, 35 டிகிரி சாதாரணம். அதே ரூம்ல ஜூலை மாசம் ராத்திரி மழை பெய்யும்போது 26 இருக்கும். ஜூலையில டெஸ்ட் பண்ணி ஃபுல் லோட்ல, அதாவது பிராசஸர் முழு வேலையில இருக்கும்போது, 78 வருதுன்னு சந்தோஷப்பட்டு செட்டிங்க அப்படியே விட்டா ஏப்ரல்ல அது 87 ஆகி நிக்கும், இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் கூடவே போகும், ஏன்னா சிலிக்கான் சூடாக சூடாக லீக்கேஜ் கரன்ட், அதாவது வேல செய்யாம கசிஞ்சு போற கரன்ட், கூடும், அந்த கரன்ட் திரும்ப சூடா மாறும். அதனால எப்போ எழுதி வச்சாலும் சிபியூ சூட்டோட ரூம் சூட்டையும் சேத்தே எழுதி வச்சுக்கிடுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க கம்ப்யூட்டரோட உண்மையான நம்பர். அந்த வித்தியாசம் 52ன்னு தெரிஞ்சா, 35 டிகிரி ரூம்ல 87 வரும்னு டெஸ்ட் பண்ணாமலே சொல்லிரலாம்.

ரூம் சூட்ட அளக்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க, வயர்ல சென்சார் தொங்குற மாதிரி சின்னது, வெல கம்மிதான். அத செவுத்துல மாட்டாம, கேபினட்டோட முன்பக்க ஃபேன் காத்து இழுக்குற இடத்துல சென்சார் தொங்குற மாதிரி வைங்க. செவுத்துக்கிட்ட 32 இருக்கும்போதே ஃபேன் வாய்க்கிட்ட 36 இருக்கலாம், கேபினட்டுக்குள்ள போறது அந்த 36தான்.

எந்த சிப், எந்த போர்டு

இத சுருக்கமா முடிச்சுடுறேன். இன்டெல்ல பேருக்கு பின்னாடி 'கே' எழுத்து இருக்குற சிப், கூடவே இசட் சீரிஸ் மதர்போர்டு, ரெண்டும் இருந்தாத்தான் மல்டிப்ளையர, அதாவது ஸ்பீட தீர்மானிக்கிற பெருக்கு எண்ண, ஏத்த முடியும், பி660 பி760 மாதிரி போர்டுல ரேம ஏத்தலாம், பிராசஸர முடியாது. ஏஎம்டில ரைசன் கிட்டத்தட்ட எல்லாமே அன்லாக்தான், ஸ்பீட மாத்த விடும், போர்டு பி450 பி550 மாதிரி இருந்தா போதும், ஏ320 ஏ520 உதவாது. பேருக்கு பின்னாடி எக்ஸ்3டின்னு இருக்குற சிப் வச்சிருக்கவங்க மட்டும் கவனிக்கணும், 5800எக்ஸ்3டி லாக் பண்ணது, 7800எக்ஸ்3டில மல்டிப்ளையர தொட முடியாது ஆனா கர்வ் ஆப்டிமைசர் (வோல்ட்ட எறக்குற செட்டிங், பின்னாடி சொல்றேன்) பண்ணலாம், 9800எக்ஸ்3டிலதான் ஏஎம்டி முழுசா தொறந்து விட்டுச்சு. ஓவர்கிளாக்கால வர்ற சேதத்துக்கு சாதாரண வாரன்டி கெடையாதுங்கறதையும் மனசுல வச்சுக்கிடுங்க.

எவ்ளோ சூடு வரைக்கும் போகலாம்

ஒவ்வொரு சிப்புக்கும் கம்பெனியே ஒரு உச்ச வரம்பு வச்சிருக்கு. இன்டெல் 12600கே, 13600கே இதுக்கெல்லாம் 100 டிகிரி, ரைசன் 5600எக்ஸுக்கு 95, 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7000ல சாதாரண சிப்புக்கு 95, 7800எக்ஸ்3டிக்கு 89. அந்த வரம்ப தொட்டதும் சிப் தானா ஸ்பீட கொறச்சுக்கும், உடனே கருகிப் போகாது. ரைசன் 7600எக்ஸ் மாதிரி சிப்பெல்லாம் ஃபுல் லோட்ல 95ஐ தொட்டுக்கிட்டே ஓடுற மாதிரிதான் ஏஎம்டி டிசைன் பண்ணிருக்கு, அதப் பாத்து பதறவேண்டாம்.

ஆனா ஓவர்கிளாக் பண்றவனுக்கு வரம்புல போய் முட்டிட்டு நிக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏத்தின ஸ்பீடு அங்க திரும்ப எறங்கிரும், கரன்ட் பில்லும் ஃபேன் சத்தமும்தான் மிச்சம். நம்ம ஊருக்கு நான் வச்சிருக்குற கணக்கு, ஏப்ரல் உச்சை வெக்கையில எல்லா கோரும் (சிப்புக்குள்ள இருக்குற தனித்தனி பிராசஸர்) ஓடும்போது வரம்புக்கு 10 டிகிரி கீழ நிக்கணும், கேம் ஆடும்போது 75ஐ தாண்டக்கூடாது. இது கெடைக்கலன்னா ஸ்பீட ஆசப்பட்டு ஏத்தாதீங்க.

பழைய ரைசன செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1700எக்ஸ், 1800எக்ஸ் ரெண்டுலயும் டிசிடிஎல்னு காட்டுற நம்பர் உண்மையான சூட்ட விட 20 டிகிரி கூட்டித்தான் காட்டும், 2700எக்ஸ்ல 10 டிகிரி. சூடு, வோல்ட், ஸ்பீடு எல்லாம் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல டிடைன்னு தனியா காட்டுறதுதான் உண்மையான சூடு. இது தெரியாம நல்லா இருக்குற பேஸ்ட்ட (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுறது) தொடச்சுட்டு திரும்ப திரும்ப போடுற பிள்ளைங்கள பாத்திருக்கேன்.

வோல்டேஜ்தான் சூடு

இந்த ஒரு விஷயத்த மட்டும் நல்லா புரிஞ்சுக்கிட்டா மிச்ச எல்லாம் லேசு. சிப் தின்னுற பவர், ஸ்பீடு கூடுற அளவுக்கு நேரா கூடும், ஆனா வோல்டேஜ் கூடுனா அதோட வர்க்கத்துல கூடும். ஒரு கணக்கு போட்டு பாப்போம். 4.2 கிகாஹெர்ட்ஸ்ல 1.20 வோல்ட்ல ஓடுற சிப்ப 4.6க்கு ஏத்துறதுக்காக 1.35 வோல்ட் குடுக்கீங்கன்னு வைங்க. ஸ்பீடு கூடுனது 9.5 சதவீதம். வோல்டேஜ் பங்கு 1.35ஐ 1.20ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.27 வரும், ஸ்பீடு பங்கோட பெருக்கினா 1.39. அதாவது ஒம்போதரை சதவீதம் ஸ்பீடுக்கு 39 சதவீதம் கூடுதல் சூடு, அதுலயும் லீக்கேஜ சேக்கல. அதே 4.6ஐ உங்க சிப் 1.27 வோல்ட்லயே தாங்கும்னா கூடுற சூடு 23 சதவீதம்தான். இந்த வித்தியாசம் கூலர மாத்தினாகூட கெடைக்காது, ஒரு பைசா செலவும் கெடையாது. அதனால 'எத்தன ஸ்பீடு வரும்'னு தேடாதீங்க, 'இந்த ஸ்பீடுக்கு எவ்ளோ கம்மி வோல்ட் போதும்'னு தேடுங்க.

இன்னொண்ணு, போர்டு ஆட்டோல விட்டா அது பயந்து பயந்து தேவைக்கு மேலயே வோல்ட் குடுக்கும், எந்த சிப் வந்து உக்காந்தாலும் கிராஷ் ஆகாம ஓடணும்னு. ஆட்டோ ஓவர்கிளாக், ஒன் கிளிக் ஓவர்கிளாக்னு இருக்குற பட்டனெல்லாம் நம்ம ஊரு வெக்கைக்கு ஆகாது, தொடாதீங்க.

மொதல்ல காத்து வழி

பயாஸ்குள்ள (போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) போறதுக்கு முன்னாடி ஸ்டாக் செட்டிங்ல, அதாவது கம்பெனி குடுத்தபடியே, ஒரு அளவு எடுங்க. எச்டபிள்யூஇன்ஃபோவ தொறந்து வச்சுட்டு சினிபெஞ்ச் ஆர்23ன்னு எல்லா கோருக்கும் வேல குடுக்குற டெஸ்ட ஓட்டுங்க, அது தானா 10 நிமிஷம் ஓடும், ஆனா அத அரைமணி நேரமா ஏத்தி வைங்க, ஏன்னா கேபினட்டுக்குள்ள காத்து சூடாகி ஒரு நிலைக்கு வர்றதுக்கு நேரம் எடுக்கும், வாட்டர் கூலர்னா உள்ள இருக்குற தண்ணி சூடாகவே கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். மேக்ஸிமம் சூடு, சராசரி ஸ்பீடு, வாட், ரூம் சூடு நாலையும் எழுதிக்கிடுங்க.

அப்புறம் கேபினட்டோட பக்கக் கதவ கழட்டிட்டு திரும்ப ஓட்டுங்க. சூடு 5 டிகிரிக்கு மேல எறங்குச்சுன்னா உங்க பிரச்சன கூலர் இல்ல, காத்து வழி. ரெண்டு டிகிரிதான் எறங்குச்சுன்னா காத்து வழி கொள்ளாம், பேஸ்ட்டையோ கூலரையோ பாக்கணும். புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இத கண்டிப்பா பண்ணிருங்க.

நம்ம பக்கம் நெறைய வீட்டுல கம்ப்யூட்டர் டேபிள்னு மர டேபிள் ஒண்ணு இருக்கும், கால் பக்கத்துல கேபினட்ட சொருகி வைக்கிறதுக்குன்னே ஒரு பொட்டி, மூணு பக்கம் பலகை, சிலதுல முன்னாடி கதவு வேற. தக்கலையில ஒரு தம்பி, கேம் ஆடினா பத்து நிமிஷத்துல எல்லாம் ஸ்லோ ஆகுதுன்னு கூப்பிட்டான், போய் பாத்தா 5800எக்ஸ் 90ல முட்டிட்டு நிக்குது, கேபினட் அந்த பொட்டிக்குள்ள, பின்னாடி பலகைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் நாலு விரல் எடம்கூட கெடையாது. பின்னாடி தள்ளுற சூடு காத்து பலகையில அடிச்சு கீழ வழியா சுத்தி வந்து முன்பக்க ஃபேன் வழியா திரும்ப உள்ள போகுது. சென்சார முன்னாடி தொங்க விட்டு பாத்தா 43 டிகிரி, ரூம்ல 31தான். கேபினட்ட தூக்கி டேபிள் மேல வச்சோம், வேற ஒண்ணும் பண்ணல, அதே கேம்ல 79க்கு வந்துருச்சு. பைசா செலவில்லாம 11 டிகிரி. போர்வைய தலையோட மூடிக்கிட்டு படுத்தா நமக்கு எப்படி மூச்சு முட்டும், அந்த பொட்டியும் அப்படித்தான்.

கேபினட் முன்பக்கம் முழுக்க கண்ணாடியா இருந்தா பாக்க அழகா இருக்கும், காத்துதான் வராது. மெஷ் முன்பக்கம் இருக்குறத வாங்குங்க. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள, இது போதும். எந்த பக்கம் காத்து போகுதுன்னு சந்தேகம்னா ஃபேன் பக்கத்துல ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர பிடிச்சு பாருங்க, இழுக்குதா தள்ளுதான்னு தெரிஞ்சிரும். உள்ள இழுக்குறது வெளிய தள்ளுறத விட கொஞ்சம் கூட இருந்தா நல்லது, இல்லன்னா சந்து பொந்து வழியா எல்லாம் தூசிய இழுத்துக்கிட்டு வரும்.

ரூமையும் பாருங்க. 400 வாட் இழுக்குற கம்ப்யூட்டர் கதவ அடச்ச ரூம்ல ஓடுனா 400 வாட் ஹீட்டர் ஓடுற மாதிரியேதான், அந்த சூடெல்லாம் ரூம்லதான் கெடக்கும். ஜன்னல தொறந்து விடுங்க, முடிஞ்சா ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. சீலிங் ஃபேன் நமக்கு வேர்வைய காய வைக்கும், கம்ப்யூட்டருக்கு காங்கிரீட் கிட்ட தேங்கி நிக்கிற சூடு காத்த கீழ தள்ளும். மாடி ரூமும் கீழ் ரூமும் இருந்தா கீழ வைங்க, ஓட்டு வீடுன்னா இன்னும் நல்லது. காங்கிரீட் பகல் முழுக்க வெயில குடிச்சு வச்சுட்டு சாயங்காலத்துக்கு மேலதான் உள்ள விடும், அதனால மாடி ரூம்காரங்க ராத்திரி எட்டு மணிக்கும் ஒருக்கா அளந்து பாருங்க, உச்சைய விட அப்பதான் கூட இருக்கலாம்.

உப்பு காத்து, தூசி, பல்லி

கொளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம்னு கடல் ஓரத்துல இருக்கவங்க கேபினட்ட கடல பாத்த ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. காத்து நல்லா வரும்னுதான் வைக்கத் தோணும், அந்த காத்துல உப்பு இருக்கு. கூலரோட அலுமினிய ஃபின்ல வெள்ளையா பொடி பூக்கும், கேபினட் ஸ்க்ரூ துரு ஏறும், ரேம் ஸ்லாட் கனெக்டர்லாம் பைய பைய அரிக்கும். உப்பு ஈரத்த இழுக்கும், ஈரத்துல தூசி ஒட்டும், ஃபின் நடுவுல கம்பளி மாதிரி அடஞ்சிரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்து செவுத்து ஓரமா வைங்க, முன்னாடி தூசி ஃபில்டர் போடுங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருக்கவங்களுக்கு உப்பு கம்மி, ஆனா தென்மேற்கு பருவ மாசங்கள்ல கணவாய் வழியா அடிக்கிற காத்துல தூசி அள்ளிக்கிட்டு வரும், அந்த காத்துக்குத்தானே அங்க அவ்ளோ காத்தாலை வச்சிருக்காங்க, அந்த சமயத்துல ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழட்டி தட்டணும்.

சுத்தம் பண்ணும்போது ப்ளோயர் அடிச்சா ஃபேன் றெக்கைய விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க, சும்மா விட்டா அது கண்டபடி சுத்தி பேரிங் போகும். ஈரத்துணி வேண்டாம். பின்னாடி கார்டு போடாத ஸ்லாட்டுக்கு மூடி இல்லன்னா போட்டு அடைங்க, மழைக்காலத்துல வெதுவெதுப்புக்கு பல்லியும் எறும்பும் உள்ள போய் பவர் சப்ளைல ஷார்ட் ஆகுறது நம்ம ஊருல கேள்விப்படாத விஷயம் இல்ல.

ஐஸ் வைக்கிறது, பெல்டியர் தட்டு (கரன்ட்ல ஒரு பக்கம் சில்லுன்னு ஆகுற தட்டு) போடுறதுன்னு வீடியோவுல பாத்துட்டு எறங்காதீங்க, நம்ம காத்துல இருக்குற ஈரத்துக்கு ரூம் சூட்ட விட நாலஞ்சு டிகிரி கீழ போனாலே தண்ணி கோத்து போர்டு மேல சொட்டும்.

கூலர், பேஸ்ட்

5600எக்ஸோட பொட்டியிலயே வர்ற ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஸ்டாக்ல ஓட்டத்தான், ஓவர்கிளாக்குக்கு அல்ல. 5800எக்ஸுக்கும் இன்டெல் கே சிப்புக்கும் கூலரே வராது, தனியாதான் வாங்கணும். ஆறு கோர் சிப்புக்கு டீப்கூல் ஏகே400 மாதிரி ஒத்த டவர் போதும், எட்டு கோருக்கு மேலன்னா ஏகே620, தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் மாதிரி ரெட்ட டவர். வாங்குறதுக்கு முன்னாடி உயரத்த பாத்துக்கிடுங்க, ஏகே400 155 மில்லிமீட்டர், ஏகே620 160, கேபினட் கதவு மூடணும்ல.

வாட்டர் கூலர் நல்லா எறக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா நம்ம மாவட்டத்துல இருக்கவங்களுக்கு நான் ஏர் கூலர்தான் சொல்லுவேன். பம்ப் போச்சுன்னா கூலரே போச்சு, வாரன்டிக்கு கூரியர்ல அனுப்பிட்டு வாரக்கணக்கா காத்துக் கெடக்கணும், ஏர் கூலர்ல ஃபேன் போனா வடசேரியிலயோ மார்த்தாண்டத்துலயோ ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி கிளிப்ப மாட்டினா வேல முடிஞ்சுது. வாட்டர் கூலர் வச்சிருக்கவங்க பம்ப எப்பவும் ஒரே ஸ்பீடுல ஓட விடுங்க, பம்ப் இருக்குற இடம் லூப்போட உச்சியா இருக்கக்கூடாது, ரேடியேட்டரோட ஒரு பகுதியாவது அதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா காத்துக் குமிழி பம்புல போய் உக்காரும்.

பழைய கூலர கழட்டும்போது ஏஎம்4 சாக்கெட்காரங்க (ரைசன் 5000 வரைக்கும் உள்ள போர்டு) ரொம்ப கவனிக்கணும். பேஸ்ட் காஞ்சு ஒட்டியிருந்தா நேரா இழுத்த ஒடனே பிராசஸரும் சேந்து சாக்கெட்ட விட்டு வந்துரும், பின் வளைஞ்சிரும். ஒரு அஞ்சு நிமிஷம் சினிபெஞ்ச் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, ஸ்க்ரூவ கழட்டிட்டு, கூலர இடதும் வலதுமா பைய திருகி திருகி, வழுக்குற மாதிரி ஆனப்புறம் தூக்குங்க. பழைய பேஸ்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு தொடைங்க. புது பேஸ்ட், ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி எது கெடச்சாலும் சரி, நடுவுல ஒரு பட்டாணி அளவு, எல்ஜிஏ1700 மாதிரி நீளமான சிப்புனா நீளவாக்குல ஒரு கோடு. கூலர் அடியில பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருந்தா உரிச்சிருங்க. ஸ்க்ரூவ ஒரே பக்கமா முழுசா முறுக்காம, எதிர் எதிர் மூலையா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. வெல கூடுன பேஸ்ட்டுக்கும் சாதாரண பேஸ்ட்டுக்கும் ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம் வரும், அதுல காச கொட்டாதீங்க.

ஃபேன் கர்வ்ல 50 டிகிரி வரைக்கும் 35 சதவீதம், 70ல 65, 80ல 90, 85ல ஃபுல்லுன்னு வச்சு ஆரம்பிங்க. ரைசன்ல சூடு நொடிக்கு நொடி குதிக்கும், பிரவுசர தொறந்தாலே 15 டிகிரி ஏறி எறங்கும், அதனால பயாஸ்ல ஃபேனுக்கு மூணு நாலு நொடி தாமதம் குடுத்திருங்க, இல்லன்னா ஃபேன் ஊய் ஊய்னு கத்திக்கிட்டே கெடக்கும்.

ரைசன்ல பண்றது

எல்லா கோருக்கும் ஒரே ஸ்பீடு, ஒரே வோல்ட்னு பூட்டி வைக்கிற பழைய முறைய ரைசன்ல விட்டுருங்க, ஒரு கோர் மட்டும் ஓடும்போது கெடைக்கிற கூடுதல் ஸ்பீடு போயிரும், சூடுதான் கூடும். பிபிஓவும் (சிப் எடுக்குற பவர் வரம்ப மாத்துற செட்டிங்) கர்வ் ஆப்டிமைசரும்தான் வழி. கர்வ் ஆப்டிமைசர் 5000 சீரிஸ்ல இருந்து உண்டு. அதுல நெகட்டிவ்னு போட்டு 30 வரைக்கும் எறக்கலாம், ஒரு எண்ணுக்கு 3ல இருந்து 5 மில்லிவோல்ட் வரைக்கும் கொறையும். மொதல்ல எல்லா கோருக்கும் மைனஸ் 10 போட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க, அப்புறம் மைனஸ் 15, மைனஸ் 20. வோல்ட் கொறஞ்சா அதே சூட்டுல சிப் தானாவே கூடுதல் ஸ்பீடுக்கு போகும், நம்ம ஊருல இத விட நல்ல ஓவர்கிளாக் கெடையாது.

அதோட பிபிடின்னு இருக்குறது சாக்கெட்டுக்கு போற மொத்த வாட். 5600எக்ஸுக்கு ஸ்டாக் 76 வாட், 5800எக்ஸுக்கு 142. பிபிஓவ சும்மா எனேபிள் பண்ணி விட்டா போர்டு இத கண்டபடி ஏத்திரும், அதனால மேனுவல்ல நீங்களே எழுதுங்க. 5600எக்ஸுக்கு 95, 100 வாட்ல ஆரம்பிச்சு பாருங்க. 5800எக்ஸ் கத வேற, எட்டு கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லுக்குள்ள அடஞ்சு கெடக்கு, அந்த 142 வாட்டுல பெரும்பகுதி அவ்ளோ சின்ன இடத்துல இருந்துதான் வெளிய வரணும், எவ்ளோ பெரிய கூலர் வச்சாலும் சில்லுல இருந்து கூலருக்கு சூடு போற வழி குறுகல். அதுல பிபிடிய 115, 120க்கு எறக்கி மைனஸ் கர்வ் போடுங்க, ஸ்பீடு பெருசா போகாது, சூடு நல்லா எறங்கும். மேல சொன்ன தக்கலை தம்பிக்கும் கடைசியா இததான் வச்சு குடுத்தேன்.

லேசா ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ 1.45 வோல்ட், சில சமயம் 1.5 கிட்ட காட்டும், 5000 சீரிஸ்ல அது ஸ்டாக்லயே அப்படித்தான், கரன்ட் கம்மியா போகும்போது மட்டும் வர்றது. அதப் பாத்துட்டு 1.45ஐ மேனுவலா பூட்டி வச்சிராதீங்க, ஃபுல் லோட்ல அதே வோல்ட் நின்னா சிப் தேஞ்சு போகும்.

7000 சீரிஸ்காரங்க பயாஸ் பழசா இருந்தா மொதல்ல அப்டேட் பண்ணுங்க, 2023 ஏப்ரல்ல எக்ஸ்3டி சிப்பெல்லாம் கருகின விவகாரத்துக்கு அப்புறம் ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜ (மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்கு போற வோல்ட்) 1.3க்கு மேல போகாம பூட்டுச்சு, அந்த பூட்டு புது பயாஸ்லதான் இருக்கு.

இன்டெல்ல பண்றது

13, 14வது ஜென் கே சிப் வச்சிருக்கவங்க மத்த எதுக்கும் முன்னாடி பயாஸ அப்டேட் பண்ணணும். சிப்பே தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளாக நாளாக கெட்டுப் போற பிரச்சனைக்கு 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற சின்ன ப்ரோகிராம், பயாஸோட வரும்) விட்டுச்சு. ஏற்கனவே கெட்டுப்போன சிப்ப அது சரி பண்ணாது, ஆனா வாரன்டிய ரெண்டு வருஷம் நீட்டிக் குடுத்திருக்காங்க, கேம் காரணமில்லாம க்ளோஸ் ஆகுதுன்னா ஓவர்கிளாக்க விட்டுட்டு மொதல்ல வாரன்டிய பாருங்க.

அடுத்தது பவர் லிமிட். 12600கேவுக்கு இன்டெல் சொல்ற டர்போ வரம்பு 150 வாட், 13600கேவுக்கு 181. நெறைய போர்டு இத 4096 வாட்னு போட்டு வச்சிருக்கும், வரம்பே இல்லன்னு அர்த்தம். அத மொதல்ல சரியான நம்பருக்கு கொண்டு வாங்க. அப்புறம் ஆஃப்செட் முறையில வோல்ட்ட 0.025 மைனஸ், 0.050 மைனஸ்னு எறக்கி, ஸ்டேபிளா நின்னப்புறம்தான் பி-கோர் (வேகமான பெரிய கோர்) மல்டிப்ளையர ஒண்ணு ஏத்துறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம். லோட்ல 1.30 வோல்ட்டுக்கு மேல கேக்குற ஸ்பீட நான் நம்ம ஊருல எடுக்கமாட்டேன், ரூம் 35ல இருக்கும்போது அந்த சூட்ட ஏர் கூலர் தாங்காது. லோட் லைன் கேலிப்ரேஷன (லோட் ஏறும்போது வோல்ட் எவ்ளோ எறங்கலாம்னு வைக்கிற செட்டிங்) நடு லெவல்ல வைங்க, உச்சத்துல வச்சா லோட் விடும்போது வோல்டேஜ் எகிறும்.

கிராஷ் ஆகாம நிக்குதான்னு பாக்குறது

ஃபுல் லோட்ல அரைமணி நேரம் நின்னா போதும்னு நெனைக்காதீங்க. கர்வ் ஆப்டிமைசர்ல பிரச்சன வர்றது அதிகமும் சும்மா இருக்கும்போது, யூடியூப் பாக்கும்போது, ஒத்த கோர் உச்ச ஸ்பீடுக்கு தாவும்போதுதான். கோர்சைக்ளர்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, ஒவ்வொரு கோரா தனித்தனியா சோதிக்கும், அத ராத்திரி முழுக்க ஓட விடுங்க. எந்த கோர்ல எரர் வருதோ அந்த கோருக்கு மட்டும் மைனஸ 5 கொறைங்க (மைனஸ் 20ன்னா மைனஸ் 15). எச்டபிள்யூஇன்ஃபோ அடியில ஹூயா எரர்னு (விண்டோஸ் பதிவு பண்ற ஹார்ட்வேர் தப்பு) ஒரு வரி இருக்கும், அது சைபராவே இருக்கணும், விண்டோஸ் ஈவன்ட் வியூவர்லயும் ஈவன்ட் ஐடி 18, 19ன்னு வந்து விழுந்திருக்கான்னு பாருங்க.

இன்னொரு ஏமாத்தும் உண்டு. வோல்ட்ட ரொம்ப எறக்குனா ரைசன் கிராஷ் ஆகாது, ஸ்பீடு 4.6ன்னே காட்டும், ஆனா உள்ளுக்குள்ள கிளாக்க நீட்டிரும், அதாவது உண்மையான ஸ்பீடு கொறஞ்சிரும். எஃபெக்டிவ் கிளாக்னு தனியா ஒரு வரி இருக்கு, ஃபுல் லோட்ல அது காட்டுற ஸ்பீடோட ஒட்டிப் போகணும். 200, 300 மெகாஹெர்ட்ஸ் கம்மியா இருந்தா, சினிபெஞ்ச் ஸ்கோரும் எறங்குச்சுன்னா, சூடு எறங்குனது உண்மையான லாபம் இல்ல.

ப்ரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டிங்கற கடுமையான டெஸ்ட வச்சு சூட்ட முடிவு பண்ணாதீங்க, எந்த கேமும் எந்த எடிட்டிங்கும் அந்த அளவு சூடாக்காது. கால் மணி நேரம் ஓட்டி கிராஷ் ஆகலன்னு பாத்துக்கிட்டா போதும்.

ரெண்டு ப்ரொஃபைல்

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும், ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு குளிர்ச்சி கெடைக்கும். மார்ச்ல இருந்து மே வரைக்கும்தான் நெசமான வெக்கை. அந்த மூணு மாசத்துக்காக வருஷம் முழுக்க ஸ்பீட கொறச்சு வைக்க வேண்டாம். பயாஸ்ல ரெண்டு ப்ரொஃபைல் சேவ் பண்ணுங்க. மழைன்னு ஒண்ணு, நீங்க டியூன் பண்ண முழு ஸ்பீடு. வெயில்னு இன்னொண்ணு, அதே கர்வ், பிபிடியோ டர்போ வாட்டோ 20, 25 சதவீதம் கம்மி. 7000 சீரிஸ்ல ஈகோ மோடு (பவர கொறச்சு ஓட்டுற ரெடி செட்டிங்) 65 வாட்டே போதும், கேம்ல பெருசா வித்தியாசம் தெரியாது. மாசி முடிஞ்சு வெக்கை ஏறும்போது மாத்துங்க, எடவப்பாதி (தென்மேற்கு பருவ) மழை எறங்குனதும் திரும்ப மாத்துங்க. ரெண்டு ப்ரொஃபைலையும் பென்டிரைவ்லயும் போட்டு வச்சுக்கிடுங்க.

கரன்ட் விஷயத்த விட்டுறக்கூடாது. மழைக்காலத்துல தென்னை மட்டை லைன்ல விழுந்து கரன்ட் போறது நமக்கு பழக்கம்தான், ஆனா இடி மின்னல் இருக்குற சாயங்காலத்துல பயாஸ் அப்டேட் பண்ணாதீங்க, பாதியில போனா போர்டு செத்துரும். வீட்டுல இருக்குற சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்குறது 360 வாட் கிட்டதான், ஓவர்கிளாக் பண்ணி கிராஃபிக்ஸ் கார்டோட சேந்து 400 வாட் இழுத்தா கரன்ட் போற நொடியில யூபிஎஸ்ஸும் சேந்து ஆஃப் ஆகும். 1000 விஏக்கு போங்க, இல்லன்னா டெஸ்ட் ஓட்டுறத மழை இல்லாத நாளுக்கு வைங்க.

ஏதோ ஒரு செட்டிங்ல கம்ப்யூட்டர் ஸ்கிரீனே வராம நின்னுருச்சுன்னா பயப்படாதீங்க. மொதல்ல ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் ஆக விடுங்க, நெறைய போர்டு தானாவே சேஃப் மோடுக்கு வந்துரும். வரலன்னா பவர் கேபிள உருவிட்டு, பவர் பட்டன ஒரு தடவ அமுக்கி மிச்ச கரன்ட்ட எறக்கிட்டு, போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரிய அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சுட்டு திரும்ப போடுங்க, இல்லன்னா கிளியர் சிமாஸ் (பயாஸ் செட்டிங்க அழிக்கிற) பின் ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால பத்து நொடி சேத்து பிடிங்க. ஸ்டாக்ல எழும்பி வரும். பென்டிரைவ்ல இருக்குற ப்ரொஃபைல லோட் பண்ணி, கடைசியா எத மாத்துனீங்களோ அத மட்டும் ஒரு படி கொறச்சு வச்சுட்டு சினிபெஞ்ச்ல இருந்து திரும்ப ஆரம்பிங்க.